வெளிப்பூச்சைக் கொத்தி இறக்கும் முன்: குமரி மாவட்டத்து வீட்டுக்காரர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வீட்டின் வெளிச்சுவர் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்களைத் தாங்குகிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை காற்றோடு வந்து மேற்குச் சுவரில் அறைகிறது. அது ஓய்ந்து சுவர் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. கடற்கரையோர ஊர்களில் இவற்றோடு உப்புக்காற்றும் சேர்கிறது. இத்தனையையும் முதலில் வாங்கிக்கொள்வது சுவரின் மேல் இருக்கும் முக்கால் அங்குலப் பூச்சுதான். அது பொருமி, வெடித்து, பாளம் பாளமாக விழத் தொடங்கும்போது, பழையதைக் கொத்தி இறக்கிவிட்டுப் புதிதாகப் பூசுவதைத் தவிர வேறு வழியில்லாத நிலை வருகிறது. அந்த வேலையைத் திட்டமிடுவது பற்றியும், அதற்குத் தகுந்த ஆளை அமர்த்துவது பற்றியும் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தக்கலைப் பக்கம் உள்ளது. சுவர்கள் வெட்டுக்கல்லால், அதாவது மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும் செம்புரைக்கல்லால் (லேட்டரைட்) ஆனவை. முதலில் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. பின்னாளில் அதன் மேலேயே சிமெண்ட் பூசினார்கள். 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயலில் கூரை ஓடுகள் நகர்ந்து, மேற்குச் சுவரின் தலைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கியது. சில மாதங்களில் அந்தச் சுவரின் பூச்சு வயிறு தள்ளியதுபோலப் புடைத்து நின்றது. சதுர அடிக்கு மிகக் குறைந்த கூலி சொன்ன ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுத்தோம். அவருடைய ஆட்கள் அதிர்ந்து உடைக்கும் பிரேக்கர் இயந்திரத்தை வைத்து ஒரே நாளில் அந்தச் சுவரை உரித்துவிட்டார்கள். பூச்சோடு வெட்டுக்கல்லின் விளிம்புகளும் பெயர்ந்து வந்தன. உடைந்த கல்லை மாற்றுவதற்கும் குழிகளை நிரப்புவதற்கும் ஆன செலவு, பூச்சை இறக்கக் கொடுத்த கூலியைவிட அதிகமாகிவிட்டது. மற்ற மூன்று சுவர்களையும் பிறகு நிதானமாகச் செய்தோம். ஒரு கல்லும் உடையவில்லை. இரண்டு வேலைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடெல்லாம் உளி வைப்பதற்கு முன்னால் நாங்கள் செய்தவற்றிலும் செய்யத் தவறியவற்றிலும்தான் இருந்தது.

பூச்சு எதனால் விட்டது

ஆளைத் தேடுவதற்கு முன்பு, பூச்சு சுவரை ஏன் விட்டது என்பதை வீட்டுக்காரரே தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் தெரியாமல் இறக்கிப் பூசினால், புதுப் பூச்சும் அதே இடத்தில் அதேபோலப் பொருமும். ஒரு மழைநாள் முழுவதும் வீட்டைச் சுற்றி வந்து பார்ப்பதற்கு இணையான ஆய்வு வேறில்லை. தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரம் வரை மட்டும் ஒரு நீளமான பட்டைபோல ஈரமும் வெள்ளைப் பொடியும் தெரிந்தால், அது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதமாக இருக்கலாம். மட்டுப்பாவின் (மொட்டைமாடியின்) கைப்பிடிச் சுவருக்குக் கீழே தொடங்கி இறங்கி வரும் கறை, மேலே தண்ணீர் தேங்குவதையோ மழைநீர்க் குழாயின் வாய் அடைபட்டிருப்பதையோ காட்டுகிறது. குளியலறைச் சுவரின் வெளிப்பக்கம் கோடையிலும் ஈரமாக இருந்தால் குழாய்க் கசிவைத் தேட வேண்டும். சன்ஷேடின் அடியிலும், கதவு சன்னல்களுக்கு மேலே ஓடும் கான்கிரீட் விட்டமான லிண்டலின் நெடுகிலும் துருநிறக் கோடு தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டையும் பூச்சையும் சேர்த்துத் தள்ளுகிறது என்று பொருள். அங்கே பூச்சு வேலை மட்டும் போதாது.

கடலோர ஊர்களில் உள்ள பழைய வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. குளச்சல், முட்டம் போன்ற இடங்களில் ஆற்று மணல் கிடைக்காத அல்லது வாங்க முடியாத காலத்தில் கடல் மணலைக் கலந்து பூசிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. மணலோடு வந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழையே இல்லாத புழுக்கமான நாளிலும் அத்தகைய சுவர் வியர்ப்பதைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட பூச்சில் விழுந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவதில் பயனில்லை. முழுவதையும் இறக்கிவிடுவதே நல்லது.

சுவரின் வெளிப்பக்கமும் உட்பக்கமும் ஒரே இடத்தில் விரிசல் ஓடினாலோ, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசல் ஆண்டுக்கு ஆண்டு அகன்றுகொண்டே போனாலோ, கொத்தனாரை அழைப்பதற்கு முன்பு கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். விரிசலைப் பூச்சு மறைக்குமே தவிர, அதனால் சுவரைத் தாங்க முடியாது.

தட்டிப் பார்த்து அளப்பது

காரணம் ஓரளவு தெரிந்த பிறகு, எவ்வளவு இறக்க வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். ஒரு சிறு சுத்தியலின் மரக்கைப்பிடியால் சுவரை முழ அகலத்துக்கு ஓர் இடம் வீதம் தட்டிக்கொண்டே போனால், பிடிப்புள்ள இடம் கெட்டியான ஒலியையும், விட்டுப்போன இடம் காலிப் பானையைத் தட்டியது போன்ற ஒலியையும் தரும். விட்டுப்போன இடங்களைச் சாக்கட்டியால் வளைத்துக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஏணி எட்டாத உயரத்துக்கு ஒரு நீண்ட கம்பின் நுனியில் மரக்கட்டையைக் கட்டித் தட்டலாம். முடிந்ததும் பத்தடி தள்ளி நின்று பார்த்தால், சுவரின் நோய் எந்தப் பக்கத்திலிருந்து பரவியது என்பதை அந்தச் சாக்கட்டிக் கோடுகளே காட்டிவிடும். எங்கள் வீட்டின் தெற்குச் சுவரில் கோடுகள் எல்லாம் ஒரு மழைநீர்க் குழாயின் இரு புறமும் கூடியிருந்தன. அந்தக் குழாயின் இணைப்பு ஒன்று விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விட்டிருந்தால் அந்தச் சுவரை முழுவதுமாக இறக்கிவிடுவதும், அதற்குக் குறைவாக இருந்தால் விட்ட இடங்களை மட்டும் நேர்க்கோட்டில் சதுரமாக வெட்டி எடுப்பதும் என் கணிப்பில் சரியானவை. நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சை, புதிதாக இருக்கட்டும் என்பதற்காக அடித்து உடைப்பது சுவருக்குச் செய்யும் கெடுதல். கெட்டியாகப் பிடித்த பூச்சு தன்னோடு கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

பரப்பளவை நீங்களே அளந்து வைத்துக்கொள்வது பேரம் பேசும்போது பெரிதும் உதவும். 40 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள ஒரு தளம் கொண்ட வீட்டின் சுற்றளவு 140 அடி. உயரம் 11 அடி என்றால் மொத்தம் 1,540 சதுர அடி. கதவு, சன்னல்களைக் கழித்தால் ஏறத்தாழ 1,400 சதுர அடி வரும். கழிப்பது எப்படி என்பதில்தான் பிணக்கு வருகிறது. சிறு திறப்புகளைக் கழிப்பதில்லை என்பது வழக்கம். பெரிய சன்னல்களைக் கழிக்காவிட்டால் அவற்றின் பக்கவாட்டுப் பூச்சை இறக்குவதும் அந்தக் கணக்கிலேயே அடங்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இதே அளவிலிருந்து இடிபாட்டின் அளவையும் கணக்கிடலாம். முக்கால் அங்குலம் பருமனுள்ள பூச்சு 1,400 சதுர அடி என்றால் அது சுமார் 88 கன அடி. உடைத்தபின் அது ஒன்றரை மடங்காகப் பெருகும். ஆகவே 130 கன அடி, அதாவது நூறு கன அடியை ஒரு யூனிட் என்னும் லாரிக்காரர்கள் கணக்கில் ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். எடை ஏறத்தாழ 5 டன். இதை முற்றத்தின் மூலையில் குவித்து வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அந்த எடையை ஒருமுறை மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

உள்ளே இருக்கும் சுவரைத் திறந்து பார்ப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இந்தச் செய்தியாக இருக்கட்டும்: பூச்சை இறக்கும் முறையை உள்ளே இருக்கும் கல்தான் தீர்மானிக்கிறது, ஆகவே விலை பேசுவதற்கு முன்பே ஓர் இடத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

நம் மாவட்டத்தில் சுவர்கள் பல வகை. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் பழைய வீடுகள் பெரும்பாலும் வெட்டுக்கல். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் செங்கல்லும் கருங்கல்லும் மிகுதி. அண்மைக்காலத்து வீடுகளில் ஹாலோ பிளாக். கருங்கல் சுவர் எந்த உளியையும் தாங்கும். செங்கல் ஓரளவு தாங்கும். ஹாலோ பிளாக்கின் ஓடு மெல்லியது என்பதால் பிரேக்கர் சற்று அழுத்தினாலே உள்ளே ஓட்டை விழுந்துவிடும். வெட்டுக்கல் வெட்டி எடுக்கும்போது மிருதுவாக இருந்து, காற்றுப்பட இறுகும் கல். ஆனால் பல ஆண்டுகளாக ஈரத்தைக் குடித்துக்கொண்டு சிமெண்ட் பூச்சுக்குள் அடைபட்டுக் கிடந்த வெட்டுக்கல்லின் முகம் மீண்டும் மிருதுவாகியிருக்கும். அதன் மேல் அதிர்வு இயந்திரத்தை வைக்கவே கூடாது.

எங்கள் வடக்குச் சுவரில், மண்ணிலிருந்து நான்கடி உயரத்தில், மூன்றடிக்கு மூன்றடி சதுரம் ஒன்றைத் திறக்கச் சொன்னோம். வந்த கொத்தனார் வயதானவர். முதலில் நான்கு பக்கமும் மெல்லிய வெட்டுக்கோடு போட்டார். பிறகு அகலமான உளியைச் சுவரோடு ஏறத்தாழப் படுக்கவைத்துப் பிடித்து, பூச்சுக்கும் கல்லுக்கும் இடையே நுழைத்தார். மேலே பெயிண்டும் புட்டியும் ஒரு தோல்போல உரிந்து வந்தன. அதன் கீழே சாம்பல் நிறச் சிமெண்ட் பூச்சு, உள்ளங்கை அகலப் பாளங்களாகப் பெயர்ந்தது. அதற்கும் கீழே இருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சில் சிப்பித் துண்டுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. பெரும்பகுதி ஈரமான மாவாகியிருந்தது. அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு உளி வேண்டாம், கையிலேயே வந்திரும்" என்று சொல்லி விரல்களால் வழித்து எடுத்தார். பூச்சு விட்டதற்கான காரணம் அந்த மாவில் இருந்தது. சுவர் இயல்பாக வெளியே விட வேண்டிய ஈரம், சிமெண்ட்டையும் அதன் மேல் அடித்த நீர்புகாப் பெயிண்டையும் தாண்ட முடியாமல் இடையிலேயே தேங்கி, பழைய சுண்ணாம்பைக் கரைத்திருக்கிறது.

உங்கள் சுவரில் இருப்பது சுண்ணாம்பா சிமெண்ட்டா என்பதை அறிய ஒரு பேனாக்கத்தி போதும். சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டினால் எளிதாகப் பொடியும், நிறம் வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்கும். சிமெண்ட் சாம்பல் நிறத்தில் கீறலுக்கு எதிர்த்து நிற்கும். கருப்பட்டியும் கடுக்காயும் ஊறிய நீரில் குழைத்த பழைய சுண்ணாம்புச் சாந்து இன்னும் கெட்டியாக நிற்கும் சுவர் உங்களுடையதாக இருந்தால், அதை இறக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மேலே இருக்கும் சிமெண்ட்டை மட்டும் நீக்கிவிட்டு அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். இன்று அதைப் போல ஒன்றைப் புதிதாகப் பூசுவது எளிதன்று.

சோதனைத் திறப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. அந்த 9 சதுர அடியை இறக்க எங்கள் கொத்தனாருக்கு 40 நிமிடம் ஆனது. அந்தக் கணக்கில் ஒருவர் ஒரு நாளைக்கு நூறு சதுர அடிக்குச் சற்று மேல் இறக்கலாம் என்பது தெரிந்துவிட்டது. எத்தனை ஆள், எத்தனை நாள் என்று யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

எந்த மாதத்தில்

தை பிறந்து மழை நன்றாக ஓய்ந்த பிறகு தொடங்கி, பங்குனி முடிவதற்குள் இறக்குவதையும் பூசுவதையும் முடித்துவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மலையடிவாரப் பகுதிகளில் மாலை வேளைகளில் கோடைமழை அடித்துப் பெய்யும். உரித்த வெட்டுக்கல் சுவரில் அந்த மழை விழுந்தால், காய வைத்த இரண்டு வாரமும் வீண். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்தில் இருப்பவர்கள் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். காற்றாலைகளைச் சுற்றும் அந்தக் காற்று, சாரத்தின் மேல் நிற்கும் மனிதரையும் தள்ளும். நல்ல கொத்தனார்களுக்கு மாசி மாதத்தில் ஓய்வே இருக்காது என்பதால், மார்கழியிலேயே பேசி நாள் குறித்துக்கொள்வது நல்லது.

ஆளை அமர்த்துவது

பூச்சு பூசுவதில் தேர்ந்தவர் எல்லோரும் பூச்சை இறக்குவதில் தேர்ந்தவராக இருக்க மாட்டார்கள். இறக்கும் வேலையைக் கையாட்களிடம் விட்டுவிட்டு, பூசும் நாளில் மட்டும் வந்து நிற்கும் கொத்தனார்கள் பலர். ஆகவே பேசும்போதே, இறக்கும் நாட்களில் யார் சுவரருகில் நிற்பார் என்று கேளுங்கள். சமீபத்தில் இறக்கிப் பூசிய இரண்டு வீடுகளையாவது காட்டச் சொல்லி, அவற்றில் ஒன்று குறைந்தது ஒரு மழைக்காலத்தைக் கண்டதாக இருக்க வேண்டும் என்று கேட்டு, நேரில் போய் அந்த வீட்டாரிடம் பேசுங்கள். புதிதாகப் பூசிய சுவர் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

வருகிறவர் கேட்கும் கேள்விகளிலிருந்தும் அவரை அறியலாம். வந்ததும் அளவு நாடாவை நீட்டுபவரைவிட, சுவரைத் தட்டிப் பார்ப்பவரையும், உள்ளே என்ன கல், கட்டி எத்தனை ஆண்டாயிற்று, எந்தப் பக்கம் மழை அடிக்கும் என்று விசாரிப்பவரையும் நான் நம்புவேன். எங்கள் முதல் ஒப்பந்தக்காரர் இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. அவரிடம் அதைக் கவனிக்காமல் போனது எங்கள் பிழை.

கூலி பேசும் முறை மூன்று. தினக்கூலிக்கு அமர்த்தினால் வேலை நிதானமாக நடக்கும், ஆனால் வீட்டார் யாராவது உடனிருக்க வேண்டும். சதுர அடிக் கணக்கில் பேசினால் செலவு முன்பே தெரியும், ஆனால் விரைந்து முடிப்பதில்தான் ஆட்களுக்கு ஆதாயம் என்பதால் உளிக்குப் பதில் பிரேக்கர் வந்து நிற்கும். மொத்தக் காண்டிராக்டில் சாரம், ஆள், இடிபாடு அகற்றுவது எல்லாம் ஒருவர் பொறுப்பில் வரும். எது அடங்கும், எது அடங்காது என்பதில் பிணக்கும் வரும். பழைய வெட்டுக்கல், சுண்ணாம்புச் சுவருக்கு இறக்கும் வேலையைத் தினக்கூலிக்கும், பிறகு பூசும் வேலையைச் சதுர அடிக் கணக்குக்கும் பிரித்துக் கொடுப்பது சிறந்தது என்பது என் அனுபவம். செங்கல் சுவரில் சிமெண்ட் பூச்சு மட்டும் உள்ள வீட்டுக்கு முழுவதையும் சதுர அடிக் கணக்கில் கொடுப்பதில் பெரிய ஆபத்தில்லை.

மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். மூவருக்கும் அந்தச் சோதனைத் திறப்பைக் காட்டிவிட்டே கேளுங்கள். ஒரே சுவரைப் பார்த்து ஒரே வேலைக்குச் சொன்ன விலைகளைத்தான் ஒப்பிட முடியும். மற்ற இருவரைவிட வெகுவாகக் குறைத்துச் சொல்பவர், சாரத்தையோ இடிபாட்டையோ கணக்கில் விட்டிருப்பார். எதை விட்டார் என்று அமைதியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலைக்கு வருபவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதிவு செய்தவர்களா என்பதையும் விசாரிக்கலாம். உயரத்தில் நின்று செய்யும் வேலை இது. பதிவு செய்த தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் அவருடைய குடும்பத்துக்கு வாரியத்தின் உதவி கிடைக்க வழி உண்டு. பதிவு இல்லாதவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் வந்தால், பாதுகாப்பு பற்றிச் சொல்பவை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லப்படுகின்றனவா என்று உறுதி செய்வது மேஸ்திரியின் கடமை என்றாலும், வீட்டாரும் அதைக் கவனிக்க வேண்டும்.

தாளில் எழுதிக்கொள்வது

தெரிந்தவர், ஊர்க்காரர் என்பதற்காக எழுதாமல் விடக்கூடாது. தெரிந்தவரோடு உறவு கெடாமல் இருப்பதற்கும் எழுத்து வேண்டும். ஒரு வெள்ளைத்தாள் போதும். எந்தெந்தச் சுவர், எத்தனை சதுர அடி, எந்த அடுக்கு வரை இறக்க வேண்டும், எந்த இடத்தில் இயந்திரம் வைக்கக் கூடாது என்பவை முதலில் வரட்டும். சாரம் யார் பொறுப்பு, வாடகை நாள் கூடினால் யார் கொடுப்பது, தண்ணீரும் மின்சாரமும் யாருடையவை, சன்னல் கண்ணாடியையும் கதவு நிலைகளையும் எதைக் கொண்டு மூடுவது, இடிபாட்டை எந்த நாளுக்குள் எங்கே கொண்டுபோவது என்பவற்றையும் எழுதுங்கள்.

பூச்சை எடுத்தபின் உள்ளிருந்து வெளிப்படுபவற்றுக்கும் ஒரு வரி எழுதிவிடுவது மிகமிக முக்கியம். சிதல் ஏறிய மரத்துண்டு, பொடிந்த கல், காலியான இணைப்புகள், துருப்பிடித்த கம்பி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். நாங்கள் எழுதிய வரி இது: "உள்ளே கல் கெட்டிருந்தால் வேலையை நிறுத்தி வீட்டாருக்குக் காட்டிய பின்பே தொட வேண்டும், மாற்றும் கல் ஒன்றுக்கு இவ்வளவு கூலி." அந்த ஒரு வரியால் பதினொரு கற்களை வாக்குவாதமின்றி மாற்றினோம்.

முன்பணம் சாரமும் முதல் சில நாள் கூலியும் அடங்கும் அளவுக்கு இருந்தால் போதும். மீதியை ஒவ்வொரு சுவர் முடியும்போதும் பிரித்துக் கொடுத்து, பத்தில் ஒரு பங்கைக் கடைசிவரை நிறுத்தி வையுங்கள்.

வேலை நடக்கும் நாட்களில்

தொடங்குவதற்கு முன்தினம் கிணற்றைத் தார்ப்பாயால் முழுவதுமாக மூடிக் கட்டுங்கள். சுண்ணாம்பும் சிமெண்ட்டும் கலந்த தூசி குடிநீரில் விழுந்தால் கிணற்றை இறைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டிவரும். பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் துணியோ நெல்லோ ரப்பர் ஷீட்டோ காயப்போட்டிருக்கலாம். வீட்டுக்குள் வரும் மின்கம்பி சாரத்துக்கு அருகில் போனால், மின்வாரிய அலுவலகத்தில் முன்பே எழுதிக் கொடுத்து இணைப்பைத் துண்டிக்கவோ நகர்த்தவோ கேட்க வேண்டும். இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்தும் ஒரு நொடியில் நேரும் விபத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

பழைய பூச்சின் தூசியில் மணலின் நுண்துகள் உண்டு; அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோய் வரலாம். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. ஆளுக்கு ஒன்றாக என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் வீட்டாரே வாங்கிக் கொடுத்தால்கூட மொத்தச் செலவில் அது பெரிய தொகையன்று. கொத்தும் இடத்தில் கைத்தெளிப்பானால் தண்ணீரைப் பூவாகத் தெளித்தாலும் தூசி அடங்கும். சுவர் ஊறும் அளவுக்கு ஊற்றக் கூடாது. கூரையிலோ சார்ப்பிலோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை உடைக்காமலும் துளையிடாமலும் வேலையை முடிக்கச் சொல்லுங்கள்.

வேலை எப்போதும் மேலிருந்து கீழே வர வேண்டும். கீழிருந்து எடுத்தால் மேலே தொங்கும் பாளம் எந்த நேரத்திலும் ஆள்மேல் விழலாம். ஒரு நேரத்தில் ஒரு சுவரை மட்டும் உரித்து, அதை முடித்த பின்பே அடுத்ததற்குப் போவது, எதிர்பாராத மழைக்கு எதிரான காப்பு. லிண்டலின் மேலும் சன்ஷேட் இணையும் இடத்திலும் கையுளி மட்டுமே. முதல் நாள் முதல் ஒரு மணி நேரம் கட்டாயம் உடனிருங்கள். உளியின் சாய்வு அந்த ஒரு மணி நேரத்தில் சரியாக அமைந்துவிட்டால் மற்ற நாட்களில் தானாகவே சரியாக நடக்கும்.

இடிபாட்டைச் சாலையோரத்திலும் ஓடையிலும் குளக்கரையிலும் கொட்டுவதை, கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள் தடுக்கின்றன. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் எங்கே கொட்டலாம் என்று கேட்டுக்கொண்டு லாரியை அனுப்புங்கள். உப்புப் பூத்த பூச்சைத் தென்னைக்கோ வாழைக்கோ அடியில் நிரப்புவதற்கும் இடம் தராதீர்கள்.

இறக்கிய பின்

உரித்த சுவரைக் கண்டதும் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்வார்கள். வெள்ளைப் பொடி இருக்கும் சுவரில் முதலில் உலர்ந்த தூரிகையால் தேய்த்து, விழும் பொடியைக் கூட்டி அள்ளி அகற்றிவிட வேண்டும். முதலிலேயே தண்ணீர் அடித்தால் அந்த உப்பு கரைந்து மீண்டும் கல்லுக்குள்ளேயே போய்விடும். சில நாட்களில் மறுபடியும் பூத்தால் மறுபடியும் தேய்த்து எடுங்கள். கற்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி விட்டால் புதுப் பூச்சுக்குப் பிடிப்புக் கிடைக்கும். குழாய்க் கசிவு, மட்டுப்பாவில் நீர் வடியும் சரிவு, ஓடு மாற்றுவது போன்ற காரண வேலைகள் எல்லாம் இந்த இடைவெளியில் முடிந்துவிட வேண்டும்.

சுவர் காய்ந்ததா என்று பார்க்க ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். பூசும் முறை தனியாக எழுத வேண்டிய செய்தி. வெட்டுக்கல் சுவருக்குச் சிமெண்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு என்ற கலவையைக் கொத்தனாரிடமும் பொறியாளரிடமும் கலந்து பேசுங்கள் என்பதையும், பூசியபின் குறைந்தது ஏழு நாள் நனைக்க வேண்டும் என்பதையும் மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இறக்கியவரே பூசுவதானால், நிறுத்தி வைத்த பத்தில் ஒரு பங்கை ஆனி மாதத்தின் முதல் சாரல் வரை வைத்துக்கொள்வதாகத் தாளிலேயே எழுதிவிடலாம். எங்கள் கொத்தனார் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. மழை பெய்த மூன்றாம் நாள் அவராகவே வந்து, சுத்தியல் கைப்பிடியால் நான்கு சுவரையும் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். தெற்குச் சுவரில் அந்தக் குழாய் இருந்த இடத்தில் மட்டும் இரண்டு முறை தட்டிவிட்டு, உள்ளே வந்து தேநீர் குடித்து, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.